குறைந்த விலைக் கிராபிக்ஸ் கார்டும் அதன் மெய்யான மதிப்பும்

டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் கணிப்பொறி இல்லாத இல்லம் இன்று அரிது. 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பிள்ளைகளின் பாடத்திற்காக அவசரமாக வாங்கிய பொறிகளே அவற்றுள் பல. அன்று ஐந்தாம் வகுப்பில் இருந்த சிறுவன் இன்று மீசை அரும்பும் வயதை எட்டிவிட்டான். பாடத்திற்கு வந்த பொறியில் அவன் விளையாட விரும்புகிறான். புதிய ஆட்டங்கள் அதில் ஓடவில்லை. “ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டும் போட்டால் போதும், அப்பா” என்கிறான். கடைக்குச் சென்று வினவினால் நான்காயிரத்திலும் ஒன்று உண்டு, நாற்பதாயிரத்திலும் ஒன்று உண்டு. மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக எஞ்சியதைக் கொண்டு வாழும் குடும்பத் தலைவர், இயல்பாகவே பட்டியலின் அடிப்பகுதியை நோக்குகிறார். அந்த அடிப்பகுதியில் இருக்கும் பொருள் கொடுக்கும் காசுக்குத் தகுமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த விஷயம். பிள்ளைகள் விளையாடலாமா, கூடாதா என்ற வழக்கை அவரவர் இல்லத்து நீதிமன்றத்திற்கே விட்டுவிடுகிறோம்.

இக்கார்டு செய்யும் வேலை யாது? இன்று பெரும்பாலான வீடுகளில் உள்ள மானிட்டரில் அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 20,73,600 புள்ளிகள். திரைப்படம் நொடிக்கு 24 படங்களால் ஆகியது. விளையாட்டிலோ கை அசைவுக்கு ஏற்பக் காட்சி உடனுக்குடன் மாற வேண்டியிருப்பதால் நொடிக்கு 60 படங்கள் இருந்தால்தான் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். இப்படங்களையே ஃபிரேம் என்கிறார்கள். ஆக, நொடி ஒன்றுக்கு 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணித்துத் தீட்டியாக வேண்டும். மார்கழி மாதத்தில் தெருவை அடைக்கும் புள்ளிக் கோலத்தை எண்ணிப் பாருங்கள். கணிப்பொறியின் பிராஸஸர், எத்தகைய சிக்குக் கோலத்தையும் அறிந்த ஒரு பாட்டியைப் போன்றது. ஆனால் கை இரண்டே. கிராபிக்ஸ் கார்டோ, சொன்ன புள்ளியில் சொன்ன வண்ணத்தை வைக்கத் தெரிந்த நூற்றுக்கணக்கான சிறுமியர் கூட்டம். 2019இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1650 என்னும் சிறிய கார்டிலேயே இத்தகைய கணிப்பான்கள் 896 உண்டு. அவர்கள் அனைவருக்கும் கோலமாவு தட்டாமல் கிடைக்க வேண்டுமல்லவா? அந்த மாவுக் கிண்ணமே கார்டின் சொந்த மெமரி. கிண்ணம் சிறிதானாலும், மாவு வந்து சேரும் வழி குறுகலானாலும், ஆயிரம் பேர் இருந்தும் கோலம் நின்றுவிடும். விலை குறைந்த கார்டுகளில் காணும் குறைகளில் பெரும்பாலானவை இந்த மாவு விஷயத்திலேயே அடங்கியுள்ளன.

கார்டு வாங்கும் முன் அது தேவைதானா என்று பார்ப்பது முறை. பிள்ளை ஆடுவது வேலரண்ட் போன்ற ஆட்டமானால், அதை உருவாக்கியவர்களே குறைந்தபட்சத் தேவையாக இன்டெல் எச்டி 4000 என்னும் மிகப் பழைய உள்ளமைந்த கிராபிக்ஸையே குறிப்பிட்டுள்ளனர். பிராஸஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் திறன் பொதிந்த வகைகளும் இப்பொழுது வலுவடைந்துள்ளன. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி 2021இலும், அதனினும் மேலான 8600ஜி 2024இலும் வெளியாயின. இவை தமக்கென மெமரி இல்லாமல் கணிப்பொறியின் ராமையே பங்கு கொள்பவை. ஆதலால் ராம் ஒரே குச்சியாக இருந்தால் மாவு ஒரு வழியாகவும், இரு குச்சிகளாக இருந்தால் இரு வழியாகவும் வருகிறது. 2020இல் 8 ஜிபி குச்சி ஒன்றுடன் வாங்கிய பொறியாயின், அதே வகைக் குச்சி இன்னொன்றைச் சேர்த்தாலே பல ஆட்டங்களில் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். இதைக் கடைக்காரர் தாமாகச் சொல்வது அபூர்வம். 2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது என்பதை மட்டும் கவனத்தில் கொள்க.

இனிப் பட்டியலின் அடிமட்டத்திற்கு வருவோம். ஜிடி 710 என்னும் கார்டு 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தது. “2 ஜிபி கார்டு, புத்தம் புதிது” என்று சொல்லி இதனை விற்பார்கள். பெட்டி புதிதாயிருக்கலாம், பொருள் பழையது. இரண்டாவது மானிட்டரை இணைக்க வேண்டிய அலுவலகத்திற்கு இது பொருந்தும், விளையாட்டிற்கு அன்று. அடுத்து ஜிடி 1030. இதன் கதை அறிந்துகொள்ளத் தக்கது. 2017இல் வந்த கார்டில் ஜிடிடிஆர்5 மெமரி இருந்தது. நொடிக்கு 48 ஜிபி அளவு தரவு அதில் போய்வரும். 2018இல் அதே பெயரில், சாதாரண டிடிஆர்4 மெமரி பொருத்திய இன்னொரு கார்டும் சந்தைக்கு வந்தது. அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 17 ஜிபி. அதாவது மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பெட்டியிலும் 2 ஜிபி என்றே அச்சிட்டிருக்கும். பெயர் ஒன்று, எண் ஒன்று, பொருள் வேறு. ஜிபி என்பது கிண்ணத்தின் அளவை மட்டுமே சொல்லும். மாவு வரும் வேகத்தைச் சொல்லாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இவ்விரு கார்டுகளையும் விளையாட்டுக்காக எவரும் வாங்க வேண்டாம் என்பதே எமது துணிபு. புதிய பிராஸஸர்கள் சிலவற்றில் இனாமாகக் கிடைக்கும் கிராபிக்ஸே இவற்றினும் மேல்.

விளையாட்டுக்குரிய கார்டு என்று சொல்லத்தக்கவை இதற்கு மேற்படியில் தொடங்குகின்றன. முன்னர்க் குறிப்பிட்ட ஜிடிஎக்ஸ் 1650, ஏ.எம்.டி.யின் ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, இன்டெலின் ஆர்க் ஏ380, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 ஆகியவை அவ்வரிசையின. இவற்றுள் 6500 எக்ஸ்டியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மலிவு எவ்வாறு மலிவாகிறது என்பதற்கு அது நல்ல பாடம்.

2022 ஜனவரியில் 199 டாலர் விலையில் அது வெளிவந்தது. கார்டுகளுக்குப் பெரும் பஞ்சம் நிலவிய நேரம் அது. மெமரி 4 ஜிபி. மெமரிக்குச் செல்லும் பாதை 64 பிட். விளையாட்டைப் பதிவு செய்யவும் நண்பர்களுக்கு நேரலையாகக் காட்டவும் உதவும் வீடியோ என்கோடர் அதில் இல்லை. இவற்றையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கார்டு மதர்போர்டுடன் பேசுகின்ற பாதையில்தான் சூட்சுமம் இருக்கிறது. அப்பாதைக்குப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று பெயர். பெரிய கார்டுகளுக்கு 16 தடங்கள் இருக்க, இதற்கு நான்கே தடங்கள் வைத்தனர். நான்காம் தலைமுறைப் பாதை உள்ள புதிய மதர்போர்டில் அந்நான்கு தடங்கள் நொடிக்குச் சுமார் 8 ஜிபி தரவைக் கொண்டு செல்லும். மூன்றாம் தலைமுறைப் போர்டில் அது பாதியாகச் சுருங்கிவிடும். 4 ஜிபி கிண்ணம் நிரம்பி வழிகின்ற புதிய ஆட்டங்களில், கார்டு அடிக்கடி வெளியே கை நீட்டி ராமிலிருந்து மாவு வாங்க வேண்டும். அவ்வேளையில் சந்து குறுகலாக இருந்தால் என்ன ஆகும்? ஆட்டம் திக்கித் திக்கி நிற்கும். 2020இல் நாம் வாங்கிய பொறிகளின் நிலைமை என்ன? இன்டெலின் பத்தாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும் மூன்றாம் தலைமுறைப் பாதை உடையவை. ஏ.எம்.டி.யின் 5600ஜியும் அவ்வாறே. ஆகப் பழைய பொறிக்கு மலிவாக உயிரூட்ட நினைப்பவருக்காக விற்கப்படும் கார்டு, பழைய பொறியிலேயே மிகவும் தள்ளாடுகிறது! 6400க்கும் இதே நான்கு தடங்கள்தாம்.

இன்டெலின் ஏ380 வேறொரு நிபந்தனை விதிக்கிறது. அதில் 6 ஜிபி மெமரியும் நல்ல என்கோடரும் உண்டு. ஆனால் ரீசைஸபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இல்லையெனில் அதன் வேகம் வெகுவாகக் குன்றும். பழைய போர்டுகள் பலவற்றில் இவ்வசதி கிடையாது. எனவே கார்டு நல்லதா என்று கேட்பதைவிட, நம் வீட்டுப் பொறிக்குள் அது நல்லதா என்று கேட்பதே சரியான கேள்வி. மதர்போர்டின் பெயரையும் பிராஸஸரின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்க. மணப்பெண்ணின் ஜாதகம் மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளையின் ஜாதகத்தைப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுவாருண்டோ?

ஆர்டிஎக்ஸ் 3050 விஷயத்தில் பெயர் மயக்கம் மீண்டும் வருகிறது. 2022இல் வந்தது 8 ஜிபி மெமரி, 2560 கணிப்பான்கள், 130 வாட் மின்செலவு உடையது. 2024 பிப்ரவரியில் வந்தது 6 ஜிபி, 2304 கணிப்பான்கள், 70 வாட். மெமரிப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 ஆகக் குறைந்தது. மெமரி மட்டுமே குறைவு என்று எண்ணிப் பின்னதை வாங்குவோர் ஏமாறுகின்றனர். எனினும் பின்னதை அறவே தள்ளிவிடவும் மனமில்லை. மதர்போர்டுத் துளையிலிருந்தே 75 வாட் வரை மின்சாரம் பெறலாமாதலால் அதற்குத் தனி மின்கம்பி தேவையில்லை. அலுவலகங்கள் கழித்து விற்கும் சிறு கணிப்பொறியில் கூட அதைப் பொருத்திவிடலாம். அத்தகைய பொறி உள்ள வீட்டிற்கு அதைக் காட்டிலும் ஏற்ற புதிய கார்டு இல்லை என்றே சொல்லலாம்.

மின்சாரம் பற்றிப் பேச்சு வந்தது. 75 வாட்டுக்கு மேற்பட்ட கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து தனிக் கம்பி வேண்டும். கேபினெட்டுடன் இனாமாக வந்த எஸ்.எம்.பி.எஸ். மீது 450 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்பி 130 வாட் கார்டைப் பொருத்துவது, கடன் வாங்கிக் கட்டிய வீட்டிற்குக் களிமண் அஸ்திவாரம் போடுவது போலாகும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றின் விலையையும் கார்டின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கணக்கு என்று சொன்னோம். அதைப் போட்டே பார்ப்போம். வெளிநாட்டுப் பத்திரிகைகளும் யூடியூப் ஆய்வாளர்களும் கார்டின் விலையை அது தரும் சராசரி ஃபிரேமால் வகுத்து, ஒரு ஃபிரேமுக்கு இவ்வளவு என்று சொல்கின்றனர். முறை நல்லதே. ஆயினும் அவர்கள் காட்டும் டாலர் விலை வரி நீங்கலானது. நம் நாட்டில் ஜி.எஸ்.டி. 18 சதவீதமும் இறக்குமதியாளர் ஆதாயமும் சேரும். எல்லாக் கார்டுக்கும் ஒரே விகிதத்தில் ஏறுவதுமில்லை. அங்கே முதலிடம் பெற்ற கார்டு இங்கே மூன்றாம் இடத்திற்கு இறங்கிவிடுவதைப் பலமுறை காண்கிறோம். ஆகவே ஃபிரேம் எண்ணை அவர்களிடமிருந்தும், விலையை நம்மூர்க் கடையிலிருந்தும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கார்டு 9,000 ரூபாய், பிள்ளை விரும்பும் ஆட்டத்தில் 30 ஃபிரேம். இன்னொன்று 18,000 ரூபாய், 60 ஃபிரேம் என்று கொள்வோம். இரண்டிலும் ஃபிரேம் ஒன்றுக்கு 300 ரூபாய்தான். கணிப்பொறியையே புதிதாக வாங்குபவர் மற்றப் பாகங்களுக்கு 30,000 செலவிடுவதாக வைத்துக்கொண்டால், முதல் வழியில் 39,000க்கு 30 ஃபிரேம், அதாவது ஒன்றுக்கு 1,300 ரூபாய். இரண்டாம் வழியில் 48,000க்கு 60 ஃபிரேம், ஒன்றுக்கு 800 ரூபாய். புதுப்பொறிக்கு மலிவுக் கார்டு பொருந்தாது என்பது இதனால் விளங்கும். பழைய பொறியில் சேர்ப்பவருக்கோ கணக்கு மாறுகிறது. பெரிய கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ். 4,000 கூட்ட வேண்டும். 22,000க்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 367 ரூபாய். இங்கே மலிவுக் கார்டு வெல்கிறது. ஆனால் வெல்வது தாளில். ஓடித் துரத்திச் சுடும் ஆட்டத்தில் 30 ஃபிரேம் என்பது பாதித் தாகத்திற்குத் தண்ணீர். இவ்வெண்கள் சராசரி என்பதையும் மறக்கலாகாது. போர் உச்சத்தில் 30 என்பது 18ஆக விழும். ஆய்வுகளில் ‘ஒரு சதவீதத் தாழ்வு’ என்றொரு எண் கொடுத்திருப்பார்கள். சராசரியைவிட அந்த எண்ணையே பார்க்கச் சொல்வோம்.

இன்னொரு எண்ணும் மயக்கும். சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்னும் உத்திகளும், இரு படங்களுக்கிடையே ஒரு படத்தைத் தாமே இட்டு நிரப்பும் ஃபிரேம் ஜெனரேஷனும் விளம்பரங்களில் பெரிதும் பேசப்படுகின்றன. முன்னது மெய்யாகவே உதவும், குறிப்பாக வலுக்குறைந்த கார்டுகளுக்கு. பின்னது, அடிப்படையில் 50 அல்லது 60 ஃபிரேம் உள்ளவர்க்கு அழகு சேர்க்கும். 25 ஃபிரேமில் திணறுபவர்க்குக் கைக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள தாமதத்தைப் போக்காது. விளம்பரத்தில் 100 ஃபிரேம் என்று கண்டால், அதில் கார்டு தானே வரைந்தது எத்தனை என்று கேளுங்கள்.

ஒரு கார்டு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதும் அதன் மதிப்பில் பாதி. பொருள் பழுதாகாமல் பத்தாண்டு இருக்கலாம், ஆட்டங்கள் காத்திரா. 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’, 2025 மே மாதம் வந்த ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ ஆகியவற்றிற்கு, ஒளிக்கதிரைத் தொடர்ந்து கணிக்கும் ரே டிரேசிங் திறன் வன்பொருளிலேயே இருந்தாக வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650க்கு அத்திறன் கிடையாது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற முந்திய தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய ஆட்டங்களுக்கேற்ற டிரைவர் வெளியிடுவதை 2025 அக்டோபருடன் என்விடியா நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஜிடிஏ 5, கவுன்டர் ஸ்டிரைக் 2 முதலியவற்றோடு நிறைவடையும் பிள்ளைக்கு இவை பொருட்டல்ல. அடுத்த ஆண்டு ஆட்டங்களைக் கனவு காணும் பிள்ளைக்கோ, 8 ஜிபி மெமரிக்குக் குறைந்த எதுவும் இரண்டே ஆண்டில் மீண்டும் கையேந்த வைக்கும். 2021இல் 329 டாலருக்கு வந்து பின்னர் வெகுவாக விலை இறங்கிய ஆர்எக்ஸ் 6600, 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபி மெமரியுடன் வந்த ஆர்க் பி580, 2025இல் அதே விலைக்கு 8 ஜிபியுடன் வந்த ஆர்டிஎக்ஸ் 5050 ஆகியவற்றையே இவ்வகையில் நுழைவாயில் என்று நாம் கொள்கிறோம். வாசற்படிக்கு வெளியே நிற்கும் கார்டுகளுக்கு வாசல் என்று பெயர் சூட்டுவது விற்பனையாளர் வழக்கம். பட்ஜெட் அவ்வளவு எட்டவில்லையெனில், நான்கு மாதம் பொறுத்துச் சேர்த்து வாங்குவது, இன்றே பாதி விலைக்கு வாங்கி மறு ஆண்டு கழிப்பதை விடச் சிக்கனம்.

பழைய கார்டு வாங்குவது பற்றிக் கேட்போர் பலர். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்டுகளால் தோண்டும் முறை ஒழிந்தது. இரவு பகலாக உழைத்த கார்டுகள் எங்கும் விலைக்கு வந்தன. அவை யாவும் தீயவை அல்ல. ஆனால் 1050 டிஐ என்ற பெயரைப் பொய்யாக ஏற்றிய, ஜிடிஎஸ் 450 போன்ற மிகப் பழைய கார்டுகளும் சந்தையில் உலவின. ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலி என்விடியா கார்டுகளை இனம் கண்டு பெயருக்கு முன்னால் எச்சரிக்கை காட்டுகிறது. நேரு பிளேஸிலாயினும் லாமிங்டன் ரோட்டிலாயினும் ரிச்சி தெருவிலாயினும், கார்டை ஒரு பொறியில் பொருத்தி அம்மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அரைமணி நேரம் ஓர் ஆட்டத்தை ஓட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் பழைய கார்டு வாங்க வேண்டாம். ஆர்எக்ஸ் 580 போன்ற பழைய பெருங்கார்டு மலிவாகக் கிடைக்கும். அது 185 வாட் குடிக்கும். 75 வாட் கார்டை விட 110 வாட் கூடுதல். நாள்தோறும் 2 மணி நேரம் ஆடினால் ஆண்டுக்குச் சுமார் 80 யூனிட். கட்டணத்தில் அது பெரிதன்று. டில்லியின் மே மாதத்தில், கூலர் ஓடும் ஒற்றை அறையில், அத்தனை வெப்பமும் நம்மோடு சேர்ந்து குடியிருக்கும் என்பதே பெரிது.

மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வாங்கும் உத்தியோகஸ்தர் குடும்பங்கள் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்வது நலம். முதலாவது, கார்டின் சீரியல் எண் அச்சிட்ட ஜி.எஸ்.டி. பில் பெறுவது. சென்னையில் விடுமுறையில் வாங்கியது புவனேசுவரத்தில் பழுதானால், இந்திய வாரன்டி உள்ள பொருளுக்கு அங்குள்ள சேவை மையமே பொறுப்பேற்கும். வெளிநாட்டிலிருந்து பையில் வந்த பொருளுக்கு அவ்வசதி இருப்பது அரிது. பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவர், வாரன்டியைத்தான் திரும்ப வாங்கிக்கொள்கிறார். இரண்டாவது, வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றும்முன் கார்டைக் கழற்றிவிடுவது. கனமான கார்டு துளையில் தொங்கியபடி பயணம் செய்தால், பாதையின் ஒவ்வொரு பள்ளமும் மதர்போர்டின் துளையைப் பிளக்கப் பார்க்கும். ஸ்குரூவை நீக்கி, துளையின் முனையிலுள்ள சிறு தாழ்ப்பாளை அழுத்தி, நேராகத் தூக்கினால் கார்டு வந்துவிடும். அது வந்த மின்காப்புப் பையிலும் பெட்டியிலும் வைத்து, லாரியில் போடாமல், ரயிலில் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.